ஜப்பானிய அன்றாட வாழ்வும் ஆண்டிறுதி விடுமுறையும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

    

இக்கழகத்தின் மாலை வகுப்புகளில் பயின்று, இதன் உதவித்தொகையால் பட்டம் பெற்று, பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர்களுள் நாங்களும் அடங்குவோம். இங்கு ‘நாங்கள்’ என்று சொல்வது எங்கள் குடும்பத்தை மட்டும் குறிப்பதன்று. டோக்கியோ மாநகரில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை அயலாக வாழ்ந்த நான்கைந்து தமிழ்க் குடும்பங்களின் பட்டறிவையும் சேர்த்தே பேசுகின்றோம்.

ஜப்பான் என்றதும் விரைவு இரயிலும் வியத்தகு எந்திரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி நீங்கள் நிரம்பப் படித்திருப்பீர்கள். அந்நாட்டு மக்கள் அன்றாடம் எவ்வாறு வாழ்கின்றனர், ஆண்டு முடியும்போது என்ன செய்கின்றனர், அங்குப் போய்ச் சேரும் அயலார் நிலை என்ன என்பவற்றையே இன்று கூற விழைகின்றோம். இதற்குக் காரணமும் உண்டு. தனித்திறன் பெற்ற பணியாளர்களை அனுப்புவது குறித்து இந்தியாவும் ஜப்பானும் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வாழும் இந்தியர் தொகை 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முதியோரைப் பேணும் பணிக்கும் தொழிற்சாலைப் பணிக்கும் நம் இளைஞர்களும் இனிப் புறப்படுவார்கள். போகுமுன் அந்நாட்டின் வெளிச்சத்தையும் நிழலையும் ஒருசேர அறிந்திருத்தல் நலம்.

முதலில் அன்றாட வாழ்வு. விமான நிலையத்திலேயே வசிப்பிட அட்டை ஒன்றைக் கையில் தந்துவிடுகின்றனர். குடியேறிய 14 நாள்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால், பெரும்பாலோர் மருத்துவச் செலவில் நூற்றுக்கு முப்பது பங்கே கொடுத்தால் போதும். இத்தனையும் ஒழுங்காக நடைபெறுகின்றன. ஆனால் வாடகைக்கு வீடு தேடும்போதுதான் அயலார் என்ற நிலை உறைக்கிறது. பிணையாள் வேண்டும்; முன்பணம் வேண்டும்; வீட்டுக்காரருக்குத் திருப்பித் தராத காணிக்கைப் பணம் கேட்கும் வழக்கமும் உண்டு. இவையெல்லாம் இருந்தும், ‘வெளிநாட்டார்க்கு வீடு இல்லை’ என்ற விடை வரக்கூடும். வீடு தேடிய வெளிநாட்டாரில் பத்தில் ஏறத்தாழ நால்வர் இவ்வாறு மறுக்கப்பட்டனர் என்பதை அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வே ஒப்புக்கொள்கின்றது. எங்களுக்கும் இருமுறை அவ்விடை கிடைத்தது. மூன்றாம் முறை வீடு கிடைத்தது. வாடகைக்கு வீடு கேட்டுப் போய், தெருப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் திரும்பி வந்த பழக்கம் நம்மவர்க்கு உண்டாதலால், நாங்கள் மனம் உடைந்து போகவில்லை.

வீட்டில் குடி புகுந்தபின் முதலில் கற்க வேண்டிய பாடம் குப்பை போடுவது. சிரிக்காதீர்கள். எரியும் குப்பை ஒரு நாள், எரியாத குப்பை ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டிலும் தகரக் குவளையும் ஒரு நாள் எனக் கிழமை குறித்த அட்டவணை ஒன்றைத் தருகின்றனர். ஒவ்வோர் ஊராட்சிக்கும் அட்டவணை வேறு. குறித்த நாளில், குறித்த இடத்தில், காலையிலேயே கொண்டு வைக்க வேண்டும். தவறான குப்பையை வைத்தால் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வார்கள். தன் வீட்டுக் குப்பையைத் தானே தரம் பிரித்துத் தன் கையால் சுமந்து செல்வதில் அங்கு மேலாளர் என்றும் கடைநிலை ஊழியர் என்றும் வேறுபாடு இல்லை.

மொழியைப் பற்றியும் இளைஞர்க்கு ஒரு சொல். ஜப்பானிய எழுத்து கடினம். அன்றாடப் பயன்பாட்டுக்கெனக் குறிக்கப்பட்ட சீன எழுத்துகள் மட்டும் 2,136. ஆனால் வாக்கிய அமைப்பு தமிழர்க்குப் பெரிதும் இணக்கமானது. ‘நான் நாளை டோக்கியோவுக்குப் போகிறேன்’ என்பதை அதே வரிசையில், வினைச்சொல்லை இறுதியில் வைத்து, உருபுகளைப் பெயர்க்குப் பின்னே சேர்த்துச் சொல்லிவிடலாம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்தால், ஓராண்டுக்குள் கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் பிறர் துணையின்றி இயங்க முடியும். மொழி அறிந்தவனை ஏமாற்றுவது அரிது. ஒப்பந்தத்தைத் தானே படிக்கத் தெரியாதவன், தரகர் சொன்னதையே நம்ப வேண்டியவனாகிறான்.

பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. அங்குத் தொடக்கப் பள்ளியில் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் நாள்தோறும் மாணவரே கூட்டித் துடைக்கின்றனர். பல பள்ளிகளில் கழிப்பறையையும் முறைவைத்துத் தூய்மை செய்கின்றனர். நண்பகல் உணவை வெள்ளை அங்கி அணிந்த பிள்ளைகளே பிறர்க்குப் பரிமாறுகின்றனர். மருத்துவர் மகனுக்கும் வண்டியோட்டி மகனுக்கும் ஒரே முறை. நம் நாட்டிலோ, ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்து கழிப்பறை கழுவ ஏவிய செய்திகளை இன்றும் நாளேடுகளில் படிக்கின்றோம். துடைப்பத்தை எடுப்பது இழிவன்று. ஒரு சாரார் கையில் மட்டுமே அதைத் திணிப்பதுதான் இழிவு. இவ்வுண்மையை அப்பள்ளியில் எங்கள் பிள்ளைகள் துடைப்பம் எடுத்தபோது கண்ணாரக் கண்டோம்.

இனி ஆண்டிறுதிக்கு வருவோம்.

ஜப்பான் 1873ஆம் ஆண்டு முதல் நாம் இன்று வழங்கும் ஆங்கில நாட்காட்டியை மேற்கொண்டது. ஆகவே சீனர்கள் பிப்ரவரியை ஒட்டிக் கொண்டாடும் புத்தாண்டை ஜப்பானியர் ஜனவரி முதல் நாளிலேயே கொண்டாடுகின்றனர். சட்டப்படி தேசிய விடுமுறை ஜனவரி முதல் நாள் ஒன்றுதான். எனினும் அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடப்படுகின்றன. பெரும்பாலான நிறுவனங்களும் அவ்வாறே. கிறிஸ்துமஸ் விடுமுறை நாளன்று. அன்று எல்லோரும் வேலைக்குச் செல்வர். மாலையில் செம்புற்றுப்பழம் வைத்த கேக்கும், கடையில் வாங்கிய பொரித்த கோழியும் உண்பர். சமயத்தோடு தொடர்பில்லாமல் வணிக விளம்பரத்தால் வளர்ந்த வழக்கம் இது.

டிசம்பர் பிறந்ததும் ‘போனென்காய்’ என்னும் விருந்துகள் தொடங்கும். ‘ஆண்டை மறக்கும் கூட்டம்’ என்பது அதன் பொருள். அலுவலகத்தில் ஆண்டு முழுதும் அளந்து பேசுவோர் அன்று சற்று மனம் விட்டுப் பேசுவர். மது அருந்தாதவரை எவரும் வற்புறுத்தவில்லை. நாங்கள் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருந்தோம். அடுத்தது புத்தாண்டு அஞ்சலட்டை. டிசம்பர் 25க்குள் அஞ்சலில் சேர்த்துவிட்டால் ஜனவரி முதல் நாள் காலையில் அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து தருவர். 2003ஆம் ஆண்டில் 440 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் அச்சிடப்பட்டன. கைபேசி வந்தபின் அத்தொகை 2025ஆம் ஆண்டுக்கு நூற்றேழு கோடியாகக் குறைந்துவிட்டது. துக்கம் நேர்ந்த வீட்டார் அவ்வாண்டு வாழ்த்து அனுப்புவதில்லை. அதனை முன்கூட்டியே தனி அட்டை எழுதித் தெரிவிப்பர்.

டிசம்பர் இறுதி வாரத்தில் நடைபெறும் ‘ஓசோஜி’ என்னும் பெருந்துப்புரவு எங்களை மிகவும் கவர்ந்தது. பழைய காலத்தில் புகைக்கரி துடைக்கும் சடங்காக இருந்த இது, இன்று நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கம். வீடு, பள்ளி, கடை, அலுவலகம் எங்கும் அலமாரிகளை நகர்த்தி, சன்னல்களைக் கழுவி, ஆண்டின் அழுக்கை ஆண்டோடு போக்குகின்றனர். எங்கள் அலுவலகத்தில் துறைத் தலைவரே சட்டைக் கையை மடித்துவிட்டு மேசைக் கால்களைத் துடைத்தார். நம் போகியை ஒத்தது எனலாம். துப்புரவு முடிந்ததும் வாயிலில் மூங்கிலும் பைன் கிளையும் சேர்த்துக் கட்டிய அலங்காரத்தை நிறுத்துவர். 29ஆம் நாள் அலங்காரம் செய்வதைப் பலர் தவிர்ப்பர். ஒன்பது என்னும் சொல்லும் துன்பம் என்னும் சொல்லும் அவர் மொழியில் ஒரே ஒலியுடையவை.

31ஆம் நாள் இரவு, ‘சொபா’ என்னும் நீண்ட நூல்போன்ற உணவைச் சூடான சாற்றில் இட்டு உண்கின்றனர். நீளம் நீண்ட ஆயுளைக் குறிக்கும்; எளிதில் அறுபடும் தன்மை பழைய ஆண்டின் தீமையை அறுப்பதைக் குறிக்கும் என்பர். நள்ளிரவில் பௌத்தக் கோயில்களின் பெருமணி 108 முறை ஒலிக்கும். மனிதனைப் பற்றி நிற்கும் ஆசைகள் முதலிய மாசுகள் 108 என்பது பௌத்தர் கணக்கு. இம்மண்ணில் பிறந்த போதனை அத்தனை தொலைவில் மணியோசையாகக் கேட்கும்போது ஏற்பட்ட உணர்வைச் சொல்லில் அடக்க இயலவில்லை.

மறுநாள் முதல் மூன்று நாள்களுக்கு ‘ஓசேச்சி’ என்னும் உணவு. அடுக்குப் பெட்டிகளில் முன்கூட்டியே சமைத்து வைத்த பண்டங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. கருஞ்சோயா உழைப்பையும் உடல் நலத்தையும், மீன்சினை மக்கட்பேற்றையும், வளைந்த இறால் முதுகு வளையும் வரையுள்ள ஆயுளையும், துளையுள்ள தாமரைக் கிழங்கு எதிர்காலத்தை ஊடுருவிக் காண்பதையும் குறிக்கும். சிறு கருவாடு ஒன்றும் அதில் இடம்பெறும். முன்னாளில் நெல்வயலுக்கு அதை எருவாக இட்டமையால் நல்ல விளைச்சலின் அடையாளமாயிற்று. பண்டிகைப் பெட்டியில் கருவாட்டுக்கு மதிப்பான இடம் இருப்பதைக் கண்டு எங்கள் வீட்டார் பெரிதும் மகிழ்ந்தனர். மூன்று நாள் அடுப்படிப் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதும் இவ்வுணவின் ஒரு பயனாகச் சொல்லப்படுகின்றது. ஜனவரி 7ஆம் நாள் ஏழு கீரைகள் இட்ட அரிசிக் கஞ்சி குடித்து, விருந்தால் களைத்த வயிற்றுக்கு ஓய்வு தருவர்.

குழந்தைகளுக்குப் பெரியோர் சிறு உறையில் பணம் இட்டுத் தருவர். மக்கள் குடும்பத்தோடு ஷிண்டோ ஆலயங்களுக்கும் பௌத்தக் கோயில்களுக்கும் செல்வர். டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு மட்டும் முதல் மூன்று நாள்களில் பொதுவாக 30 லட்சம் பேர் வருகின்றனர். இத்தனை பெருங்கூட்டத்திலும் முண்டியடித்தல் இல்லை.

அயலார் நிலை இந்நாள்களில் சற்று வேறு. உடன் பணியாற்றுவோர் தத்தம் சொந்த ஊருக்குப் போய்விடுவர். தெரு வெறிச்சோடும். இது வீட்டாரோடு கழிக்கும் விழா. ஆதலின் அயலாரை வீட்டுக்கு அழைப்பது அரிது. நாங்கள் குடும்பங்கள் சேர்ந்து ஒரே வீட்டில் சமைத்து, ஊருக்குத் தொலைபேசியில் பேசி நாளைக் கழித்தோம். ஆனால் அக்கூட்டத்திலும் ஒன்றைக் கண்டோம். ஜப்பானியர் எவரும் எங்களை ‘எந்தத் தெரு’ என்று கேட்டதில்லை. நம் நாட்டவர் சிலரே, ‘ஊர் தெரிந்தது, ஊரில் எந்தப் பக்கம்’ என்று சுற்றி வளைத்துக் கேட்டனர். கடல் கடந்தும் சிலர் பெட்டியோடு சாதியையும் சுமந்து வருகின்றனர்.

விடுமுறை என்பது கூலி உள்ளவர்க்கே விடுமுறை என்பதையும் அங்கே அறிந்தோம். அலுவலகம் மூடினால் அன்றாடக் கூலிக்கு வேலை இல்லை. நகராட்சி மூடினால் உதவி கேட்க இடமில்லை. ஓசாகா நகரில் காமாகசாகி என்னும் பகுதி நாட்கூலிகள் நிறைந்தது. அங்கு 1970 முதல் ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் தொழிற்சங்கத்தாரும் தொண்டர்களும் கஞ்சி ஊற்றி, பனியில் படுத்திருப்போரை இரவெல்லாம் சுற்றிப் பார்த்துக் காத்து வருகின்றனர். 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, ஒப்பந்தத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையையும், வேலையோடு சேர்ந்த தங்குமிடத்தையும் இழந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 31 முதல் 2009 ஜனவரி 5 வரை டோக்கியோவின் நடுவே ஹிபியா பூங்காவில் கூடாரம் அடித்து, அவர்களுக்காக ஓர் ‘ஆண்டு கடக்கும் ஊர்’ அமைத்தனர். ஏறத்தாழ 500 பேர் வந்து சேர்ந்தனர். இடம் போதாமற்போகவே, அருகிலிருந்த தொழிலாளர் நல அமைச்சகம் ஜனவரி 2ஆம் நாள் தன் கூடத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. செல்வ நாட்டிலும் பசி உண்டு என்பதை நாடே தொலைக்காட்சியில் கண்டது.

அன்பர்களே! இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, துடைப்பம் எல்லோர் கையிலும் இருக்கும் நாட்டில் பிறப்பால் தாழ்வு இராது என்று நீங்கள் எண்ணக் கூடும். உண்மை அதுவன்று. புத்தாண்டில் ஆலயங்களில் முழங்கும் பெருமேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோலை உரித்துப் பதப்படுத்தியவர்கள் யார்? செத்த மாட்டைத் தூக்கியவர்கள், தோல் வேலை செய்தவர்கள், கொலைத்தண்டனை நிறைவேற்றப் பணிக்கப்பட்டவர்கள் எனப் பல நூற்றாண்டுகளாகத் தனிக் குடியிருப்பில் ஒதுக்கப்பட்ட மக்கள். ‘புராக்கு’ மக்கள் என இன்று அவர்களைக் குறிப்பிடுவர். இனத்தாலும் மொழியாலும் சமயத்தாலும் அவர்கள் ஏனைய ஜப்பானியரே. மேளம் தெய்வத்தின் முன் முழங்கலாம். மேளம் செய்தவன் தீண்டத்தகாதவன். பறையின் கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

1871இல் அரசு ஆணை ஒன்று அவர்களைச் சட்டப்படி ஏனையோர்க்குச் சமமாக்கியது. ஆணை பிறந்ததே தவிர நிலமோ தொழிலோ பிறக்கவில்லை. 1873இல் மிமாசாகா பகுதியில் கலகம் செய்தோர், அவர்களுடைய வீடுகளை எரித்துப் பலரைக் கொன்றனர். ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1922 மார்ச் 3ஆம் நாள் கியோட்டோவில் அம்மக்களின் இளைஞர்களே கூடிச் ‘சுய்ஹெய்ஷா’ என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவினர். பிறர் இரக்கத்தால் அன்று, தம் முயற்சியால் விடுதலை பெறுவோம் என்று அறிவித்தனர்.

போர் முடிந்து புதிய அரசியற்சட்டம் வந்த பின்னும் தெருப் பெயரைத் தேடுவோர் ஓயவில்லை. புராக்குக் குடியிருப்புகளின் இடப்பெயர்களைத் தொகுத்த நூல் ஒன்று இரகசியமாக விற்கப்படுவது 1975இல் வெளியாயிற்று. வேலைக்கு ஆள் எடுக்கும்போது விலக்குவதற்காக 200க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதை வாங்கியிருந்தன. கோயில் பதிவேடுகளிலும் கல்லறைகளிலும் கூட அம்மக்களின் இறந்தோர்க்கு இழிபெயர் பொறிக்கப்பட்டிருந்தது. 1980களில்தான் பௌத்தப் பிரிவுகள் அவற்றைத் திருத்தும் பணியை முனைந்து மேற்கொண்டன. புராக்குப் பாகுபாடு இன்னும் இருக்கிறது என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதனை ஒழிப்பதற்கான சட்டம் 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்களைத் தெருப் பெயர் கேளாத அந்நாட்டில், தன் மக்களின் தெருவைத் தேடும் நோய் இருந்தது; முற்றும் ஒழிந்ததாகச் சொல்வதற்கும் இல்லை.

ஆனால் இளைஞர்களே, நாங்கள் உங்களிடம் சேர்க்க வந்த செய்தி நோயைப் பற்றியதன்று; மருந்தைப் பற்றியது. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தபோது பாடநூல்கள் அனைத்தையும் விலையின்றித் தந்தனர். அயலார் பிள்ளைகள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று வினவினோம். கொச்சி நகரில் நாகஹாமா என்னும் பகுதி; அங்குள்ள புராக்குத் தாய்மார்கள் ஆசிரியர் சிலரோடு சேர்ந்து அரசியற்சட்டத்தைப் படித்து வந்தனர். கட்டாயக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்னும் 26ஆம் பிரிவைக் கண்டனர். ‘கட்டணம் இல்லை என்றால் புத்தகத்துக்கு ஏன் விலை?’ என்று 1961இல் கிளர்ந்தெழுந்தனர். கூலி வேலை செய்த அத்தாய்மார்கள் எழுப்பிய குரல் நாடு முழுதும் பரவியது. 1963இல் சட்டம் பிறந்தது. 1969க்குள் கட்டாயக் கல்வி பெறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடநூல் இலவசமாயிற்று. தம் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கவில்லை. நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றுத் தந்தனர். இழித்துப் பேசியவர் வீட்டுப் பிள்ளையும், கடல் கடந்து வந்த நம் பிள்ளையும், அத்தாய்மார்கள் வென்ற நூலையே இன்று கையில் ஏந்துகின்றனர்.

அதைப் போலவே மேளத்தின் கதையும். ஓசாகாவின் நானிவா பகுதி மேளம் செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. செய்வது நாம், கொட்டுவது பிறரா என்று கேட்டு, 1980களில் அப்பகுதி இளைஞர்கள் தாமே குழு அமைத்து மேளம் கொட்டத் தொடங்கினர். மறைத்து வைத்த தொழிலைப் பெருமையோடு மேடையேற்றினர்.

ஆகவே, அந்நாட்டுக்குச் செல்வோர் இவற்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். மொழியைக் கற்றுச் செல்லுங்கள். ஒப்பந்தத்தைப் படித்தபின் கையெழுத்திடுங்கள். அவர்களுடைய ஒழுங்கையும், தன் வேலையைத் தானே செய்யும் பண்பையும் கற்றுக்கொள்ளுங்கள். அதே வேளையில் அந்த ஒழுங்கின் பின்னே நின்று உழைப்போரையும் காணுங்கள். அவர்களோடு உறவு கொள்ளுங்கள். செல்லாது ஊரில் இருப்போர்க்கும் ஒன்று சொல்வோம். நாகஹாமாத் தாய்மார்கள் செய்ததை நம் தெருவிலும் செய்ய முடியும். இக்கழகத்தின் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை, அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு கண்ட அரசியற்சட்டத்தை எடுத்துவைத்து, ஒரு பிரிவு ஒரு நாள் என்று, தாய்மார்களையும் அமரச் செய்து படியுங்கள். எந்த உரிமை நமக்கு எழுதப்பட்டிருக்கிறது, எது இன்னும் கைக்கு வரவில்லை என்று கணக்குப் பாருங்கள். அப்படிப்புக்கு வேண்டிய நூல்களை வாங்கித் தரும் செலவை, வெளிநாட்டில் வாழும் இக்கழகத்தின் பழைய மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்பதை இவ்விழா மேடையில் மகிழ்வோடு அறிவிக்கின்றோம்.

 கழகம் பொன்விழாக் கண்டு மேலும் சிறக்க வாழ்த்தி அமைகின்றோம்.